தனி யோகப் பாடம்: மாணாக்கர் வகையும் பயனும்

பாயிரம்

மதுரையில் யோகா கற்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் வகுப்பு உண்டு. பாலமேட்டுப் பக்கம் சாரந்தாங்கியில் சிவானந்த யோக வேதாந்த மீனாட்சி ஆசிரமம் இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் முகாம் போடுகிறார்கள், பள்ளிகளில் போட்டி வைக்கிறார்கள். இவை எல்லாம் பலர் கூடிச் செய்பவை. இந்தச் சிறு நூலின் பொருள் வேறு: ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், ஒரு பாய். ஊரில் இதற்கு ‘பெர்சனல் கிளாஸ்’ என்று பெயர். வீடு தேடி மாஸ்டர் வருவது பங்களாக்காரர்களின் சொகுசு என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே நிறுவப்படுபவை மூன்று. தனிப் பாடமே யோகக் கல்வியின் பழைய வழி. புதியவர், இடைநிலையார், மூத்தவர் ஆகிய எல்லோருக்கும் அது வெவ்வேறு பயன் தருகிறது. இந்த ஊரில் அது மிகவும் தேவைப்படுவது உழைத்துத் தேய்ந்த உடம்புகளுக்கு.

1. நூல் வழக்கு

13-ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடங்கும் முன் நன்னூலின் பாயிரத்தில் கற்பிக்கும் முறையை வகுத்துவிடுகிறார். மாணவன் எந்த வகையில் பெற்றுக்கொள்வானோ அந்த வகையை அறிந்து ஆசிரியர் கொடுக்க வேண்டும் என்பது அவர் விதித்தவற்றுள் ஒன்று. மாணவரை அவர் மூன்று தரமாக்கி உவமைகளால் விளக்குகிறார். தலை மாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடை மாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடை மாணாக்கருக்கு ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும்.

இலக்கணம் கற்போருக்குச் சொன்ன இந்த வகைப்பாடு யோகா கற்போருக்கும் பொருந்துகிறது. ஆசிரியர் கையைத் தூக்கினால் தானும் தூக்கி, அவர் குனிந்தால் தானும் குனிந்து, ஏன் என்று அறியாதவர் கிளி. ஒரு முகாமில் மூன்று நாள், இன்னொன்றில் நான்கு நாள், மீதிக்கு யூடியூப் என்று செடிக்குச் செடி தாவுபவர் ஆடு. ஆசனத்தின் பெயரை மறக்காமல் மூச்சை மறந்துவிடுபவர், நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி. கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய் அசைபோட்டுப் பயில்பவர் பசு. இந்தத் தரங்கள் பிறவியோடு வருவன அல்ல. தன்னையே பார்த்துப் பேசும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் ஆடு பசுவாக மாறும்.

யோக நூல்களும் தரம் பிரித்தே பேசுகின்றன. பதஞ்சலி, முயற்சியின் தீவிரத்தை மென்மை, நடுத்தரம், மிகுதி என மூன்றாக்குகிறார். சிவ சங்கிதை சாதகரை நான்கு வகையாக்கி, அவரவருக்குரிய யோகத்தையும் ஒதுக்கித் தருகிறது. மென்மையானவருக்கு 12 ஆண்டு, மிகுந்த தகுதியுடையவருக்கு 6 ஆண்டு, அதற்கும் மேற்பட்டவருக்கு 3 ஆண்டு என்று காலக்கணக்கும் சொல்கிறது. பாடம் ஆளைப் பொறுத்தது என்பதே இதன் அடிப்படை.

மதுரைக்காரர்களுக்குப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மேலும் நெருக்கமான சான்று. அதன் 33-ஆம் படலத்தில் கார்த்திகைப் பெண்கள் அறுவர் சிவபெருமானிடம் அட்டமாசித்தி கேட்கிறார்கள். அவர் உபதேசிக்கிறார். அவர்களோ அதை மனத்தில் இருத்தத் தவறி, பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டு கற்பாறைகளாகக் கிடக்கிறார்கள். பிறகு இறைவனே அங்கே வந்து திரும்பவும் உபதேசிக்கிறார். ஆறே பேர் கொண்ட வகுப்பு, கற்பித்தவர் யோகத்துக்கெல்லாம் தலைவர், இருந்தும் பாடம் மனத்தில் தங்கவில்லை. மாணவர் இருக்கும் இடத்துக்கே ஆசிரியர் போய் மறுபடி சொல்லித்தர வேண்டியிருந்தது.

24-ஆம் படலம் இன்னும் நுட்பமானது. எல்லாக் கலையும் தேர்ந்து பரதம் ஒன்றை மட்டும் கல்லாதிருந்த இராசசேகர பாண்டியன் அதையும் கற்கிறான். பயின்ற உடம்பில் வலி தெரிகிறது. ஒரே காலில் காலமெல்லாம் நிற்கும் கூத்தப்பிரானை நினைத்து உருகுகிறான், கால் மாறி ஆடும்படி இறைஞ்சுகிறான். மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் இன்றும் கால் மாறி, வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரு பக்கம் செய்ததற்கு மறுபக்கம் ஈடு செய்ய வேண்டும் என்பது ஆசனப் பயிற்சியின் முதல் ஒழுங்கு. மாற்று ஆசனம் என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் களைத்திருக்கிறது என்பதை நிற்பவரின் உடம்புதான் சொல்லும். அதைக் கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. அண்மை வரலாறு

யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) கூட்டமாகவும் தனியாகவும் என இரு முறையிலும் கற்பித்தவர். 1933 முதல் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கூட்டமாகக் கற்பித்தார். துள்ளலும் வேகமுமாக ஆசனங்களைக் கோத்துச் செய்யும் முறை அங்கே வளர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில், பக்கவாதத்திலிருந்து மீள விரும்பிய ஒரு சட்ட வல்லுநர் அழைக்க, சென்னைக்கு வந்தார். அங்கே அவர் பாடம் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்று ஆனது. பள்ளிப் பையனுக்குக் கொடுத்ததைப் பக்கவாதம் கண்டவருக்குக் கொடுக்க முடியாது என்பதை அவர் தொழிலே காட்டியது. இளமைக்கு வளர்ச்சி, நடு வயதுக்குக் காப்பு, முதுமைக்கு அமைதி என்று வாழ்க்கைப் பருவங்களுக்கு ஏற்பப் பயிற்சியைப் பிரித்தார்.

அவருடைய மாணவர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். பட்டாபி ஜோயிஸ் துடிப்பான தொடர் ஆசனங்களைப் பரப்பினார். இளமையில் நோயால் மெலிந்திருந்த பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பட்டை, கயிறு ஆகியவற்றின் துணையோடு நிலைகளைச் செம்மைப்படுத்தினார். இந்திரா தேவி மேலைநாட்டுப் பெண்களுக்கு ஏற்ற மென்மையான முறையைக் கொண்டுபோனார். ஒரே ஆசிரியரிடமிருந்து இத்தனை வழிகள் பிரிந்திருக்கின்றன.

மகன் தேசிகாச்சார் யோகத்துக்கு வந்த கதையும் ஒரு தனிப் பாடத்தால் நேர்ந்தது. அவர் பொறியியல் பட்டதாரி. 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி ஆசாரசீலரான தந்தையைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். நெடுநாளாக மாத்திரை இல்லாமல் தூங்கியறியாத அவர் முந்தைய இரவு தூங்கியிருந்தார். ஆங்கிலம் அதிகம் பேசாத ஒரு பெரியவர், தமிழறியாத ஒருவருக்கு இதைக் கொடுத்திருக்கிறார் என்பது மகனை அசைத்துவிட்டது. 1976-இல் அவர் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஒருவரைத் தனியே பார்த்து, அவருக்கென ஒரு பயிற்சி வகுத்து, கோட்டு உருவங்களாகத் தாளில் வரைந்து கொடுத்தனுப்பும் வழக்கம் அந்த மரபில் நிலைத்தது.

2015 ஜூன் 21, முதல் சர்வதேச யோகா தினத்தில் டெல்லி ராஜ்பாத்தில் 35,985 பேர் சேர்ந்து ஆசனம் செய்தது கின்னஸ் சாதனை ஆனது. யோகத்தை நாடறியச் செய்ததற்காக அதைப் போற்றுவோம். அந்த 35,985 பேரில் யாருக்கு முட்டித் தேய்மானம், யாருக்குக் குடலிறக்கம் என்று மேடையிலிருந்து தெரிந்திருக்க வழியில்லை.

3. மாணாக்கர் நால்வர்

*புதியவர்.* முதல் மாதத்தில் உடம்பு எதைப் பழகுகிறதோ அதுவே தங்கிவிடும். முன்னால் குனியும்போது இடுப்பில் மடங்காமல் முதுகை வளைப்பது, கையைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது, பக்கத்துப் பாய்க்காரரோடு போட்டி போடுவது ஆகிய மூன்றும் கூட்ட வகுப்பில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தனி வகுப்பில் இவை தோன்றும் கணத்திலேயே ஆசிரியர் கண்ணில் படும். கூச்சமும் ஒரு காரணம். பருத்த உடம்புக்காரர், வயதானவர், சேலையோடு வருபவர், மாதவிடாய் நாளில் என்ன செய்வதென்று கேட்க நினைப்பவர் ஆகியோர் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் வகுப்பின் பாதி நேரம் பேச்சிலேயே போக வேண்டும். கோயிலைச் சுற்றிய வீதியில் பூக்கட்டும் ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எம்புட்டு நேரம்க்கா ஒரே இடத்துல உக்காருவீங்க? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? பிரஷர் மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டுவிட்டு, “சும்மா நில்லுங்கக்கா” என்று சொல்லி ஆசிரியை சுற்றி வந்து பார்க்கிறார். வலத் தோள் இடத் தோளைவிட ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. தலை மார்புக்கு முன்னால் நீண்டிருக்கிறது. “மூச்சை இழுத்துக்கிட்டே கையை மெல்லமாத் தூக்குங்க” என்கிறார். கை காது வரை வருமுன் மூச்சு முடிந்துவிடுகிறது. அன்றைய பாடம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். மூச்சு எட்டிய உயரம் வரை கை போனால் போதும், அதுவும் ஆறே முறை. வீட்டில் செய்யவும் அதுவே. சூரிய நமஸ்காரம் பிறகு வரட்டும்.

*இடைநிலையார்.* ஓரிரு ஆண்டு பயின்றவர். ஆசனப் பெயர்கள் தெரியும், நிலைகள் வந்துவிட்டன. இவர் நன்னூலின் கிளி. இவருக்கு வரும் ஆபத்து நோகாமல் வருவது. ஒரு தோள் ஏறியபடி திரிகோணாசனம் செய்வார், கழுத்தில் பாரம் தாங்கிச் சர்வாங்காசனம் செய்வார், ஓராண்டு கழித்து வலி தெரியும். தனிப் பாடத்தில் இவர் கற்க வேண்டியது காரணம்: இந்த ஆசனம் எதற்கு, இதற்கு முன் எது, பின் எது, இன்று ஏன் வேண்டாம். காரணம் அறிந்தவர் தன் பயிற்சியைத் தானே கோக்கத் தொடங்குவார்.

போட்டிகளில் பரிசு வாங்கும் பிள்ளைகளும் இந்த வகையினரே. மூட்டு தளர்வாகப் பிறந்த குழந்தை முதல் நாளிலேயே காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும், கூடத்தில் கைதட்டல் எழும். வளைவதை வைத்து அந்தக் குழந்தையை மூத்த மாணவராக எண்ணிவிடக் கூடாது. மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குப் பலம் கூட்டுவதே அதற்கு வேண்டிய பயிற்சி. கைதட்டல் கிடைக்கும் இடத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பது கடினம்.

*மூத்தவர்.* பத்து, பதினைந்து ஆண்டு பயின்றவருக்கு இனி எதற்கு ஆசிரியர் என்று கேட்பார்கள். விடை வேறொரு கலையில் தேர்ந்தவரிடம் இருக்கிறது. 1952-இல் பம்பாயில் ஐயங்காரிடம் பாடம் கேட்டபோது வயலின் மேதை யெஹூதி மெனுஹின் உலகப் புகழின் உச்சியில் இருந்தார். உடம்பு களைத்து, தூக்கம் கெட்டிருந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஐயங்காரை ஐரோப்பாவுக்கு வரவழைத்துக் கற்றார். தன் வயலின் வாசிப்புக்கே ஐயங்கார் ஆசிரியர் என்ற பொருள்பட எழுதிய கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். தேர்ந்தவரின் குறை சிறியது, தனக்கே தெரியாதது. பிறர் கண் இல்லாமல் அது பிடிபடாது.

மூத்தவருக்கு ஆசிரியர் செய்யும் பெரிய உதவி சிலவற்றை நிறுத்தச் சொல்வது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயிலும் 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் அழுத்தம் இரு மடங்காவது தெரியவந்தது. கிளாகோமா உள்ளவருக்கு இது விளையாட்டில்லை. அந்த நோய் தொடக்கத்தில் வலியும் காட்டாது, மங்கலும் காட்டாது. இருபது ஆண்டாகத் தலைகீழாக நிற்பவர், நாற்பது வயது கடந்ததும் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொண்ட பிறகே தொடர வேண்டும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. கூட்டத்தின் முன் ‘சிரசாசனத்தை விடுங்கள்’ என்று கேட்பது மூத்தவரின் மனத்தைக் குத்தும். தனியே சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

*ஆசிரியர்.* நான்காம் வகை கற்பிப்பவரே. காலை இரண்டு, மாலை இரண்டு என வகுப்பெடுப்பவர் ஒவ்வொரு ஆசனத்தையும் செய்து காட்டுகிறார், அதுவும் பெரும்பாலும் தனக்கு வசதியான ஒரே பக்கமாக. தன் பயிற்சிக்கு நேரம் இருப்பதில்லை. மாதம் ஒருமுறையாவது அவர் இன்னொருவர் முன் மாணவராகப் பாய் விரிக்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரியாரிடம் தேசிகாச்சார் பல பத்தாண்டுகள் கற்றார்.

4. இந்த ஊரின் உடம்புகள்

நிலை என்பதைப் பயின்ற ஆண்டைக் கொண்டு மட்டும் அளந்தால் பாதி உண்மை தப்பிவிடும். தொழில் உடம்பில் எழுதி வைத்திருப்பதையும் படிக்க வேண்டும்.

பெரியாறு பாசனத்தில் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நாற்று நடும் பெண் பகலெல்லாம் குனிந்தே நிற்கிறார். கூட்ட வகுப்பில் பாதஹஸ்தாசனம் சொன்னதும் உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிடுவார், பாராட்டும் கிடைக்கும். அவர் உடம்புக்கு இன்னொரு குனிதல் எதற்கு? அவருக்கு வேண்டியது மெல்லிய பின்வளைவு: புஜங்காசனம், சேதுபந்தாசனம், அதன்பின் கால்களை மடித்து ஓய்வு.

கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவரின் கழுத்தும் மேல்முதுகும் ஏற்கெனவே பாரம் தாங்கிக் களைத்தவை. அவரைச் சர்வாங்காசனத்தில் நிறுத்துவது வேலை நேரத்தை நீட்டுவதற்குச் சமம். குப்புறப் படுத்து மகராசனத்தில் மூச்சு விடுவதும், நின்றபடி தோளைத் தளர்த்துவதும் அவருக்குப் போதுமான தொடக்கம்.

மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக் கட்டுபவருக்கும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவருக்கும் சம்மணம் இயல்பு. பத்மாசனம் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தராது. நின்று செய்யும் ஆசனங்களும் இடுப்பின் முன்பக்கத்தை நீட்டுபவையுமே பயன் தரும். ஆட்டோ ஓட்டுபவருக்குக் கீழ்முதுகு, வங்கிக் கணினி முன் இருப்பவருக்குத் தோள், ஓய்வு பெற்றவருக்கு முட்டி. முட்டி தேய்ந்தவரை வஜ்ராசனத்தில் உட்கார்த்தாமல் நாற்காலியில் உட்கார்த்தியே முழுப் பாடமும் நடத்தலாம்.

ஊரின் இரவும் கணக்கில் வர வேண்டும். பதினொரு மணிக்குக் கறிதோசையும் பரோட்டாவும் சாப்பிடும் ஊர் இது. இரவு மார்க்கெட்டில் வேலை பார்த்து விடியலில் சாப்பிட்டவர் ஐந்தரைக்குக் கபாலபாதி செய்யக் கூடாது. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவருக்கு மாலை நாலு மணியே பிரம்ம முகூர்த்தம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது வேகமான பஸ்திரிகை மூச்சைக் குறைத்துக் குளிர்ச்சி தரும் சீதளியைக் கூட்டுவது ஆசிரியர் பொறுப்பு.

5. மூச்சு

ஆசனத்தில் பிழை நேர்ந்தால் தசை கத்திச் சொல்லும். பிராணாயாமத்தில் அந்த எச்சரிக்கை தாமதமாக வரும். 15-ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை, சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சைப் படிப்படியாகப் பழக்கச் சொல்கிறது, தவறினால் பழக்குபவனையே அது கொல்லும் என்றும் எச்சரிக்கிறது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பூரகம் (உள்மூச்சு) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குதல்) 64, இரேசகம் (வெளிமூச்சு) 32 என்று அளவு தருகிறது. கூட்டினால் 112. மாத்திரையை ஒரு நொடி என்று கொண்டால், ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறார். இந்த இடைவெளியை ஒரே முகாமில் தாண்ட முயல்பவர்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் இதய நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மூச்சை அடக்குவதே ஆகாது. மற்றவருக்கும் முதலில் வெளிமூச்சை நீட்டுவது, பிறகு உள்மூச்சைப்போல் அதை இரண்டு மடங்காக்குவது, அடக்குவது அதற்கும் பின்னால். அடுத்த மூச்சை எடுக்கும்போது மூக்குத்துளை விரிகிறதா, தொண்டை ஏங்குகிறதா என்று ஓர் அடி தொலைவிலிருந்து பார்ப்பவரால்தான் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

6. ஐயமும் விடையும்

கூட்ட வகுப்பு வேண்டாம் என்கிறதா இந்நூல்? இல்லை. கூட்டம் ஒழுங்கைத் தருகிறது. தனியாக எழ மனமில்லாத மார்கழி விடியலில், எதிர்வீட்டு அக்கா காத்திருப்பார் என்ற நினைப்பே எழுப்பிவிடும். சிவானந்த மரபில் சுவாமி விஷ்ணுதேவானந்தர் வகுத்த 12 அடிப்படை ஆசன வரிசை போன்ற நிலையான ஒழுங்கு, என்ன செய்வது என்ற குழப்பத்தை நீக்குகிறது. தனிப் பாடம் திருத்தித் தருவதைக் கூட்டம் தொடர வைக்கிறது.

செலவு? கட்டணம் கூடுதல்தான். ஆனால் தனிப் பாடம் தினமும் தேவையில்லை. முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் உடம்பில் மாற்றம் வந்தால் மட்டும். நடுவில் வீட்டுப் பயிற்சி, கோடு போட்ட நோட்டில் ஆசிரியர் வரைந்து கொடுத்த படி. இருபது நிமிடம் போதும். தினமும் வந்தாக வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியரைவிட, ‘மூணு வாரம் கழிச்சு வாங்க’ என்பவரை நம்பலாம். நோய் உள்ளவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவைக் கேட்டுப் போக வேண்டும். ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். பட்டம் படித்த மருத்துவர்கள் அங்கே தனித்தனியே பார்க்கிறார்கள்.

கூட்ட வகுப்பு நடத்துவோருக்கும் இந்நூல் ஒரு வழி சொல்லும். வகுப்பு முடிந்ததும் கால் மணி நேரம் ஒரே ஒருவருக்கு ஒதுக்குங்கள், நாளுக்கு ஒருவர். முப்பது பேர் உள்ள வகுப்பில் மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் தனிப் பாடம் கிடைத்துவிடும், கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாமல். அந்த முறையை நன்றாக வளைபவரிடமிருந்து தொடங்க வேண்டாம். கடைசி வரிசையில் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்பவரிடமிருந்து தொடங்குங்கள். பவணந்தியார் விதித்ததை நிறைவேற்ற மதுரையில் இதைவிட மலிவான வழி இல்லை.